கொப்பியில் ஏறாத குடைச்சல்: தோட்டத் தொழிலாளப் பெண் ஒருவரின் தூக்கமின்மை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 43 வயதுப் பெண் ஒருவர், பதினான்கு மாதங்களாகத் தூக்கமில்லை என்றும், உடம்பு முழுவதும் ஏதேதோ செய்கிறது என்றும் கூறிக்கொண்டு, நான் பணிபுரியும் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு பெப்ரவரி மாதத்தில் வந்தார். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கிலும் மருந்துகளிலும் எதையும் மாற்றவில்லை.

அவர் குடியிருப்பது பன்னிரண்டு காம்பராக்கள் (ஓரறை வீடுகள்) கொண்ட பழைய லயமொன்றின், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பின், கடைசிக் காம்பராவில். கணவர் கொழும்பில் கட்டட வேலை செய்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வீட்டுக்கு வருவார். மாமியார், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், இரண்டு மகன்கள் ஆகியோருடன் ஒரே அறையில் உறங்கி, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்திவிட்டு ஏழு மணிக்குள், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகவேண்டும். பதினெட்டுக் கிலோ நிறுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். வைத்தியசாலைக்கு வரும் நாளில் அந்தப் பேர் போய்விடும் என்பதை, ‘ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்’ என்று கேட்கும் பழக்கமுள்ள நாம் எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் தோட்டத்து டிஸ்பென்சரி, நகரத்தின் இரண்டு தனியார் மருத்துவர்கள், தூரத்திலிருந்த பெரிய வைத்தியசாலை, குறி சொல்லி மந்திரிக்கும் ஒரு கோடாங்கி என ஐந்து இடங்களுக்குப் போயிருந்தார். தீபாவளிக்குப் புடைவை வாங்கிய கடையின் பை ஒன்றில் அத்தனை அறிக்கைகளும் இருந்தன. மூன்று இதயமின் வரைபடங்கள், கழுத்தின் எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், சீனி, தைரொயிட் என எல்லாம் இயல்பு. குருதிப் பரிசோதனைத் துண்டொன்றில் ஹீமோகுளோபின் 10.8 என்றிருந்தது, பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அந்த எண்ணின் கீழ் யாரோ மெல்லிய கோடொன்று போட்டிருந்தார்கள். கோட்டுக்குமேல் எதுவும் நடக்கவில்லை.

முதல் வருகையில் கண்டவை

அன்று அவருக்கு நான் கொடுத்தது ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரம். வெளியே நூற்றுக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்லா நாளும் நிற்கிறார்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே இங்கு தருகிறேன், ஏனெனில் இந்த நிகழ்வின் முழுப் பாடமும் அதற்குள்ளேயே கிடந்தது.

“கண்ண மூடுனா நெஞ்சு பதறுதுங்க டொக்டரம்மா. தலைக்குச் சூடு ஏறுது. பொடதி இழுக்குது. படுத்தா கால் ரெண்டும் குடையுது, எந்திரிச்சு நடந்தாத்தான் தேவல. எல்லாரும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணுமில்லாட்டி நான் எதுக்குங்க இப்பிடிக் கெடக்குறேன்?”

அவருடைய கிளினிக் கொப்பியில் நான் ஆங்கிலத்தில் எழுதியவை நான்கே சொற்கள்: தூக்கமின்மை, படபடப்பு, தலைவலி, உடல்வலி. எங்கள் கொப்பிகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவது வழமை. எழுதும்போதே மொழிபெயர்க்கிறோம், மொழிபெயர்க்கும்போதே எதை விடலாம் என்று தீர்மானித்துவிடுகிறோம். ‘குடைச்சல்’ என்ற சொல் ‘வலி’யாகிவிட்டது. அது வலியல்ல என்பதைத் தமிழ் பேசும் எவரும் அறிவார், நானும் அறிவேன். படுத்தால் வருகிறது, எழுந்து நடந்தால் குறைகிறது என்ற இரண்டாவது பாதி கொப்பியில் ஏறவே இல்லை.

எட்டு மாதங்களாக இரவில் தூக்கத்துக்கு 5 மில்லிகிராம் டயஸிபாம் மாத்திரை குடித்து வந்தார். அது வேலை செய்யாத இரவுகளில் தடிமலுக்கு வாங்கி வைத்திருந்த பிரிட்டன் என்ற ஒவ்வாமை மாத்திரைகளில் இரண்டைச் சேர்த்துக்கொண்டார். தலைவலிக்குச் சித்தாலேப தைலம். கையில் மந்திரித்த கயிறு.

முதல் தீர்மானமும் அதன் தவறும்

அவசரமான நோய் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மாமியாருக்கு இரத்த அழுத்தக் கிளினிக் உள்ள வியாழக்கிழமை பிற்பகலில், இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கி அவரை மீண்டும் வரச் சொன்னேன். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து போனால் செலவும் மிச்சம், காரணம் கேட்போருக்குச் சொல்லப் பதிலும் உண்டு. இந்தத் தீர்மானம் சரியானது.

அந்த வியாழக்கிழமை நான் எடுத்த மற்றத் தீர்மானம் சரியானதல்ல. பல உறுப்புகளில் முறைப்பாடு, இயல்பான பரிசோதனைகள், தூரத்திலிருக்கும் கணவன், குடும்பச் சுமை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மன அழுத்தம் உடல்வழியாக வெளிப்படுகிறது என்ற முடிவு மிக எளிதாக வந்தது. வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்துப் பயன்படும் என்று இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினேன். வேண்டுமானால் மாவட்டத்தின் மனநல மருத்துவ அதிகாரியிடம் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது. “என்னய அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களா?” என்று கேட்டார். மனநல வைத்தியசாலைகள் இருக்கும் முல்லேரியா, அங்கொடை என்ற ஊர்ப்பெயர்கள் எங்கள் பேச்சில் ஊர்ப்பெயர்களாகவே இல்லாமல் போய் நீண்டகாலமாகிறது. அந்தப் பேச்சை அன்றே நிறுத்திக்கொண்டேன்.

உடல்வழி வெளிப்படும் மனத்துயர் என்ற நோய்ப்பெயரைக் கொப்பியில் எழுதாமல் விட்டது மட்டும் அதிர்ஷ்டம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது, உடலில் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதையே அத்தகைய நோய்க்கான அளவுகோலாகக் கொள்ளும் பழைய முறையைக் கைவிட்டது. காரணம் இல்லை என்பதும் காரணத்தைத் தேடவில்லை என்பதும் அறிக்கைத் தாளில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மார்ச் நடுப்பகுதி: மகள் சொன்னது

மூன்று வாரம் கழித்து, மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மோசமாகியிருந்தார். அமிட்ரிப்டிலின் தொடங்கிய பின் கால் குடைச்சல் இரட்டிப்பாகி, இரவில் காம்பராவுக்குள் நடக்க இடமில்லாமல் வாசலில் போய் நின்று கால்களை உதறிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஓய்வில் வருகிறதா, அசைத்தால் குறைகிறதா, அசைக்காமல் இருக்க முடியவில்லையா, மாலைக்குப் பின் கூடுகிறதா? நான்குக்கும் ஆம். அமைதியற்ற கால்கள் என்று குறிப்பிடப்படும் நோய்க்குறிக்கு இவைதான் அடையாளம். அதற்கு இரத்தப் பரிசோதனையைவிட நோயாளியின் வாய்மொழியே முக்கியம். இரும்புச்சத்துக் குறைபாடு அதன் அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. அமிட்ரிப்டிலினும், பிரிட்டன் போன்ற தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகளும் அதை அதிகரிக்கக்கூடியவை. ஆகவே அவர் தானாகச் சேர்த்துக்கொண்ட மாத்திரையும் நான் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒரே திசையில் வேலை செய்திருந்தன.

மகள் அதுவரை பேசவில்லை. எழும்பும் நேரத்தில், “அம்மா மழை பெஞ்சா படுக்கவே மாட்டாங்க மிஸ். எந்திரிச்சுப் பின்சுவத்துல கைய வச்சுக்கிட்டே இருப்பாங்க” என்றாள்.

கதை அதன்பின்தான் வந்தது. லயத்தின் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் வெட்டப்பட்ட மண்மேடு. முந்தைய ஆண்டுக்கும் முந்தைய ஆண்டின் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, லயம் முழுவதும் பதினொரு நாட்கள் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியது. மேடு சரியவில்லை, எல்லாரும் திரும்பிவந்தார்கள். திரும்பிய பிறகு, தகரத்தில் மழை விழுந்தால் யாராவது ஒருவர் விழித்திருக்கவேண்டும் என்று அவர் தனக்குள்ளேயே முடிவுசெய்துகொண்டார், அந்த யாராவது தானே என்றும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறியாதவர் மலையகத்தில் எவருமில்லை. அது விடிந்த பின் நடந்த அனர்த்தம்; ஆனால் பயம் இரவைத்தான் தேர்ந்துகொள்கிறது. அவருடைய தூக்கமின்மை தொடங்கிய மாதமும் பாடசாலையிலிருந்து திரும்பிய மாதமும் ஒன்றே.

இதை ஏன் எங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கோடாங்கியிடம் சொன்னாராம். “எப்போருந்துன்னு அவருதானுங்க கேட்டாரு.”

நோய் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது

ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் முன்வைத்த விளக்கத்தின்படி, நீண்டகாலத் தூக்கமின்மையில் ஆளின் இயல்பிலேயே இருக்கும் சாய்வு, அதைத் தூண்டிவிட்ட நிகழ்வு, பின்னர் அதை நீடிக்கவைக்கும் பழக்கங்கள் என மூன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். இவரிடம் தூண்டியது மண்மேடு. நீடிக்கவைத்தவை பல. தூக்கத்தைப் பிடித்துவிடலாம் என்று இரவு எட்டு மணிக்கே படுத்தார். மகள் சுவர் நாட்காட்டியின் பின்புறத்தில் இரண்டு வாரம் போட்டுத் தந்த புள்ளிக் கணக்கின்படி, எட்டு மணிநேரம் பாயில் கிடந்து தூங்கியது சராசரியாக நான்கு மணிநேரம். தோட்டத்தில் கொடுக்கும் தூளில் சாயம் இறங்க ஊற்றிய வெறுந் தேத்தண்ணி நாளுக்கு ஆறு தடவை, கடைசியானது இராச்சாப்பாட்டோடு. உடம்புக்குள் போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணிநேரம் செல்லும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமலும் தடுக்கும். நாட்டுக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுப்பவரிடம் தேத்தண்ணியைக் குறையுங்கள் என்று சொல்லவேண்டிய நிலையை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

பிடரி இழுப்புக்கு விளக்கம் கூடைக்கயிற்றிலேயே இருந்தது. நனைந்த கொழுந்தின் பாரத்தைத் தலையில் மாட்டிய கயிற்றால் சுமக்கும் ஒருவருக்குக் கழுத்துத் தசை இறுகாமல் இருந்தால்தான் வியப்பு. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் எவரும் அவரைக் கூடை மாட்டிக் காட்டச் சொல்லவில்லை; நானும் அன்றுதான் சொன்னேன். உச்சந்தலைக்குச் சற்று முன்னால் முடி தேய்ந்து, விரல் அகலத்தில் ஒரு பள்ளம்போல இருந்தது.

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், நகரத்து ஆய்வுகூடத்தில் 11 என்று மிகக் குறைவாக வந்தது, ஹீமோகுளோபின் 10.6. கேட்டபோதுதான், மாதவிடாய் எட்டு நாட்கள், அதிக இரத்தப்போக்கு என்பது தெரியவந்தது. பெண்நோயியல் பிரிவில் கர்ப்பப்பையில் சிறு நார்க்கட்டி கண்டறியப்பட்டு, அதற்கான சிகிச்சை தனியே நடந்தது.

ஏப்ரல் முதல் எடுத்த தீர்மானங்கள்

அமிட்ரிப்டிலினையும் பிரிட்டனையும் நிறுத்தினோம். டயஸிபாமைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்தோம். இரும்பு மாத்திரை முன்பு ஒருமுறை கொடுக்கப்பட்டு, வயிறு எரிகிறது என்று அவர் கைவிட்டிருந்தார். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், தேசிக்காய்த் தண்ணீரோடு, தேத்தண்ணிக்கு ஒரு மணிநேரமாவது இடைவெளிவிட்டு எடுக்கும்படி சொன்னோம். ஒன்றுவிட்ட நாள் முறையில் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பில் சேரும் இரும்பின் பங்கு கூடுகிறது என்பது இரும்புச்சத்துக் குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் தேத்தண்ணி இல்லை என்பதற்கு மட்டும் அவர் நீண்ட நேரம் பேரம் பேசினார். மூன்று மணியில் முடிந்தது.

நீண்டகாலத் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாக நடத்தைவழிச் சிகிச்சையையே கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் இரு தூண்கள், பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவதும், தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவதும். முதலாவது முடிந்தது: இரவு பத்தரையிலிருந்து நான்கு வரை, ஐந்தரை மணிநேரம் மட்டும்; அதில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் நிலை வந்த பின் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டுவது. இரண்டாவதற்கு வேறு அறை வேண்டும். ஐந்து பேர் நெருங்கிப் படுக்கும் காம்பராவில், வெளியே எலும்பைத் துளைக்கும் குளிரில், வேறு அறைக்கு எங்கே போவது? அவரே ஓர் இடம் சொன்னார். பின்பக்கம் அடுப்படியில், நெருப்பணைந்து சாம்பல் சூடாக இருக்கும் அடுப்புக்கு அருகே பலகை போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மறுநாளைக்கான அரிசியில் கல் பொறுக்குவது. கண் சொக்கினால் வந்து படுப்பது.

தூக்கநேரத்தைச் சுருக்கும் முதல் வாரங்களில் பகலில் மயக்கமாக இருக்கும். செங்குத்தான மலையில் கூடையோடு கால் இடறினால் நிலைமை விபரீதமாகும். அதனால் கொஞ்சநாள் தட்டையான மலையில் விடும்படி, வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குக் கடிதம் கொடுத்தோம். கடிதத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்தபோது, ‘இரத்தக் குறைவு’ என்று மட்டும் எழுதச் சொன்னார். அது உண்மை, அதோடு நிறுத்திக்கொண்டேன். கையிலிருந்த கயிற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மண்மேட்டுக்கு மருந்தில்லை. பயப்படாதீர்கள் என்று சொல்லவும் எனக்குத் தகுதியில்லை, ஏனெனில் வெடிப்பு உண்மையில் இருந்தது. அவர் செய்துகொண்டிருந்த காவலை நிறுத்துவதல்ல, அதைப் பங்கிடுவதே வழி என்று பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளுக்குச் சொல்லும் பொது அளவுகள், 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருத்தல், 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல். மகளின் விஞ்ஞான ஆசிரியர், பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் ஜாடியொன்றில் அடிமட்டத்தை ஒட்டி, மூன்று இடங்களில் சிவப்பு நகச்சாயத்தால் கோடு போட்டுக் கொடுத்தார். லயத்தின் நடுக் காம்பராவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காவல்காரர் ஒருவரும் இரண்டு இளைஞர்களும், முதல் கோட்டை எட்டினால் முறைவைத்து விழித்திருக்க ஒப்புக்கொண்டார்கள். அவருக்கும் ஒரு முறை உண்டு; இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. அதை அவர்தான் கேட்டு வாங்கினார். வெடிப்பைப் பரிசோதிக்கக் கோரும் கடிதம் உரிய அலுவலகத்துக்குப் போனது.

பின்னர் நடந்தவை

முதல் பத்து நாட்கள் கடினமாக இருந்தன. இரண்டாவது வாரத்தில் ஒருநாள், தூக்கம் வரவைக்கச் சொன்னால் தூங்கவேண்டாம் என்கிறீர்களே என்று கோபத்தோடு வந்தார். அந்தக் கோபத்தில் முதன்முறையாக ஓர் ஆரோக்கியம் தெரிந்தது. மே நடுப்பகுதியில் புள்ளிக் கணக்கு ஐந்து மணிநேரத்தைத் தொட்டது. கால் குடைச்சல் ஏழு நாளும் என்றிருந்தது இரண்டு நாளாகக் குறைந்தது.

உண்மையான சோதனை ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு வந்தது. ஓர் இரவு ஜாடி முதல் கோட்டைத் தாண்டி 82இல் நின்றது. அவர் தன் முறையை முடித்து, காவல்காரரை எழுப்பிவிட்டு, ஒன்றரைக்குத் தூங்கி நான்கரைக்கு எழுந்ததாகச் சொன்னார். ஜாடியைத் தூக்கிப் பார்த்தவர்களில் அதிகமானோர், அதுவரை தங்களுக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

ஜூலையில் டயஸிபாம் முழுதாக நின்றது. ஓகஸ்ட்டில் கணவரிடமிருந்து மூன்று வாரம் பணமும் இல்லை, அழைப்பும் இல்லை. நெஞ்சுப் பதற்றம் திரும்பி, நகரத்தில் மாத்திரை வாங்கி ஆறு இரவுகள் குடித்தார். அதை மறைக்காமல் வந்து சொன்னார். திட்டுவார்கள் என்று நினைத்து மறைக்கும் நோயாளிகள் அதிகம் என்பதால், இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

செப்டெம்பரில் ஃபெரிட்டின் 48, ஹீமோகுளோபின் 12.1. கால் குடைச்சலுக்கு ஃபெரிட்டின் 75க்கு மேல் வேண்டும் என்பதால் மாத்திரை தொடர்கிறது. நவம்பரில் தூக்கம் ஆறு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிடரி இழுப்பு அப்படியே இருக்கிறது, ஏனெனில் கூடையும் அப்படியே இருக்கிறது. வெடிப்பைப் பார்க்க இதுவரை எவரும் வரவில்லை. மகள் சுவரில் பென்சிலால் திகதி போட்டு அதன் அகலத்தை அளந்து வருகிறாள்.

மாற்றிச் செய்யவேண்டியவை

கால் குடைச்சலை முதல் நாளிலேயே கேட்டிருந்தால் அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கமாட்டேன். ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும். இப்போது எங்கள் பிரிவில் தூக்கமின்மை என்று வருவோரின் கொப்பியில், முதல் முறைப்பாட்டை நோயாளியின் தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள், எழுதுகிறோம். சிங்களம் பேசுவோருக்குச் சிங்களத்தில். குடைச்சல், உளைச்சல், எரிவு, இழுப்பு, பதற்றம் ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு விடயங்கள். ஆங்கிலத்தில் அவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. எனக்குப் பின் வரும் மருத்துவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலிருக்கலாம் என்பது நியாயமான ஆட்சேபம். அப்போது அவர் நோயாளியிடமே கேட்பார், அதனால் நட்டமில்லை.

மனநல அதிகாரியைப் பற்றிய பேச்சை நான் தொடங்கிய விதமும் தவறு. கடைசி வழியாக அல்லாமல், இரத்தப் பரிசோதனையோடு சேர்த்து வழமையான ஒன்றாக அறிமுகப்படுத்தியிருந்தால், ஓகஸ்ட் மாத நெருக்கடியில் அவர் அங்கே போயிருக்கக்கூடும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை இப்போது மாத்திரை உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கிறோம். பெயர் சொல்லாமலும் பேசலாம் என்பதையும் சொல்கிறோம்.

தலைக்குச் சூடு ஏறுவது நிற்கவில்லை. வயது 44ஐ நெருங்குவதால் மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொடக்கமாக இருக்கலாம், டயஸிபாம் விட்டதன் மீதியாக இருக்கலாம், இரண்டுமில்லாததாகவும் இருக்கலாம். அதற்காகப் புதிய ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்றும் எழுதவில்லை. “தலைக்குச் சூடு ஏறுது” என்று கொப்பியில் எழுதி, நோய் கூடினாலும் கூடாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமியாரின் கிளினிக் நாளில் வரவேண்டும் என்று பேசிக்கொண்டோம். அடுத்த திகதி ஜனவரியின் இரண்டாவது வியாழக்கிழமை.